குடிக்கிறவரா என்று கேட்டார்கள்

மஹய்யாவ,
கண்டி.
11.07.1994

அன்புள்ள மதினிக்கு,

சீதா எழுதுகிறேன். உங்கள் தம்பியின் கையெழுத்தை எதிர்பார்த்து உறையைப் பிரித்திருப்பீர்கள். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அவர் உயிரோடு இருக்கிறார், பயப்படாதீர்கள். நீங்களும் அண்ணனும் தேவகியும் அந்தக் கோத்தகிரிக் குளிரில் காய்ச்சல் தடிமன் இல்லாமல் இருக்கவேண்டும் என்று மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். நீங்கள் இந்தியாவுக்குப் போய் இருபத்தொரு வருசம். நான் இந்தக் குடும்பத்துக்கு வந்தது அதற்குப் பிறகு. முகம் பார்க்காத நாத்தனாருக்கு என் முதல் கடிதம் இப்படி அமைந்துவிட்டது.

போன திங்கட்கிழமை காலை கலஹா பஸ்ஸில் கொண்டக்டர் வேலைக்குப் போனவர், பேராதனை வருவதற்குள் மேல்வயிற்றைப் பிடித்துக்கொண்டு மிதிபலகையில் குந்திவிட்டாராம். நிமிர முடியவில்லை, ஓயாத வாந்தி. அன்றைக்குப் பஸ் முதலாளி முனாப்தான் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். “எறங்குறவங்க இங்கயே எறங்குங்க, இனி எங்கயும் நிப்பாட்ட மாட்டேன்” என்று சொல்லிவிட்டு நேரே பெரியாஸ்பத்திரிக்கு விட்டாராம்.

வார்டில் திருச்செல்வம் என்று ஒரு யாழ்ப்பாணத்து டொக்டர், சின்ன வயசுக்காரர். நான் போனதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “இவர் குடிக்கிறவரோ?”

“இல்லைங்க டொக்டர், வாயில வச்சதில்ல.”

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டார். மறுபடியும் அதையே சொன்னேன். இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, ‘சதையி அழற்சி’ என்றார். வயிற்றுக்குள் சதையி என்று ஒன்று இருக்கிறதாம், அது வீங்கிப் புண்ணாகிவிட்டதாம். மூக்கு வழியே குழாய் விட்டிருக்கிறார்கள், கையில் சேலைன். ஒரு வாரமாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வாயில் விடவில்லை. “சீதா, ஒரு வாய் பிளேன்டீ” என்று என் கையைப் பிடித்துக் கெஞ்சுகிறார். எனக்குப் பார்க்க முடியவில்லை.

எத்தனை நாளில் சுகமாகும் என்று கேட்டால் டொக்டர், “இப்ப சொல்லேலாது. சிலருக்கு ஒரு கிழமை, சிலருக்கு மாசக்கணக்கு” என்கிறார். நீங்களும் அங்கே யாரையாவது விசாரித்து எழுதுங்கள்.

உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்
சீதா

*

கோத்தகிரி,
26.07.1994

அன்புத் தம்பிக்கும் சீதாவுக்கும்,

இங்கே மூன்று பேரும் எழுந்து நடமாடுகிறோம், என் முழங்காலைத் தவிர குறை சொல்ல எதுவும் இல்லை. அங்கே எப்படி என்று கேட்கத்தான் பயமாக இருக்கிறது. கடிதம் கைக்கு வந்த அன்றைக்குக் கொழுந்தெடுக்கப் போனேன், கூடையில் என்ன விழுந்தது என்றே தெரியவில்லை.

சீதா, நீ எழுதிய சதையி என்னவென்று எங்களுக்குப் புரியவில்லை. தேவகி பிளஸ் டூவில் உயிரியல் படிக்கிறாள். புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை புரட்டிவிட்டாள். கல்லீரல் இருக்கிறது, மண்ணீரல் இருக்கிறது, சதையி இல்லை. எங்கள் தோட்டத்து நர்சம்மாவிடம் கேட்டேன். “அப்படி ஒரு உறுப்பே கிடையாதும்மா. சதைன்னு சொல்லியிருப்பாங்க, அவங்க தப்பாக் கேட்டிருப்பாங்க” என்றார். இல்லாத உறுப்பில் எப்படி வியாதி வரும்? டொக்டரிடம் எழுதிக் கொடுக்கச் சொல்லி அனுப்பு.

இன்னும் சில கேட்கவேண்டும். வலி முதுகுவரைக்கும் போகிறதா? மல்லாந்து படுத்தால் கூடுகிறதா, முன்னால் குனிந்தால் குறைகிறதா?

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. தம்பி குடிப்பதில்லை என்று டொக்டரிடம் தெளிவாகச் சொல். இரண்டு தடவை சொன்னேன் என்று எழுதியிருக்கிறாய், மூன்றாவது தடவையும் சொல். அவர் அதை எழுதிவைத்தாரா என்று பக்கத்தில் நின்று பார். தயவுசெய்து இதை மறந்துவிடாதே.

உங்கள் இருவரையும் நினைத்துக்கொண்டே இருக்கும்
ரத்தினம்மா

*

மஹய்யாவ,
14.08.1994

அன்புள்ள அக்காவுக்கு,

நானே எழுதுகிறேன். கை கொஞ்சம் ஆடுகிறது, எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். முழங்காலுக்கு எண்ணெய் போட்டு வெந்நீர் ஊற்றுகிறீர்களா? மச்சான் சுகந்தானே? பதினெட்டு நாள் வார்டில் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பெரஹரா ஊர்வலம் பார்க்க வந்த சனம் எங்கள் ரோட்டுவரை நிற்கிறது. கதிரையை ஜன்னலோரம் போட்டு வேடிக்கை பார்ப்பதுதான் இப்போது என் உத்தியோகம்.

முதலில் உங்கள் நர்சம்மாவுக்குப் பதில். கிளினிக்குக்குப் போனபோது உங்கள் கடிதத்தைத் திருச்செல்வம் டொக்டரிடம் காட்டினேன். வாசித்துவிட்டுச் சிரித்தார். “இந்தியாவில இதைக் கணையம் எண்டு சொல்லுவினம். எங்கட பாடப்புத்தகத்தில சதையி. ரெண்டும் ஒண்டுதான்.” தேவகியைக் கணையத்தில் தேடச் சொல்லுங்கள்.

மருந்துத் துண்டு ஒன்றின் பின்பக்கம் படம் கீறிக் காட்டினார். இரைப்பைக்குப் பின்னால் முதுகெலும்பை ஒட்டிக் குறுக்கே படுத்திருக்கிறது. ஒரு சாண் நீளங்கூட இல்லை. இரத்தத்தில் இருக்கும் சீனியைக் கட்டுப்படுத்துவதும் அதுதான், சாப்பாட்டைக் கரைக்கிற நீரைச் சுரந்து குடலுக்கு அனுப்புவதும் அதுதான். அந்த நீர் இறைச்சியையே கரைத்துவிடுமாம். எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

“எறைச்சியக் கரைக்கிற தண்ணி, அந்தச் சதையிய மட்டும் ஏன் டொக்டர் கரைக்கல?”

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “நல்ல கேள்வி. சதையிக்குள்ள இருக்கிற மட்டும் அந்த நீர் நித்திரை. குடலுக்குள்ள வந்தாத்தான் முழிக்கும். உங்களுக்கு உள்ளுக்கையே முழிச்சிட்டுது. அதுதான் தன்னைத் தானே சமிக்கத் தொடங்கினது.”

அக்கா, நான் என்னையே தின்றுகொண்டிருந்திருக்கிறேன்!

ஏன் முழித்தது என்றால், பித்தப்பையில் கல். ஸ்கேனில் நாலைந்து சின்னக் கற்கள் தெரிந்தன. அதில் ஒன்று உருண்டு வந்து, இரண்டு குழாயும் சேருகிற இடத்தில் மாட்டிவிட்டுப் பிறகு தானே கழன்று போயிருக்குமாம். சாப்பாடு போனால் சதையி வேலை செய்யும், அதைச் சும்மா படுக்க விடவேண்டும் என்றுதான் தண்ணீர்கூடத் தரவில்லை. பாவம் சீதா, அவளை நான் என்னவெல்லாமோ பேசிவிட்டேன். மிச்சக் கல் இருக்கும்வரை இது திரும்ப வரலாம் என்று பித்தப்பையை எடுக்க நாள் கொடுத்திருக்கிறார்கள், செப்டம்பர் 20.

நீங்கள் கேட்டது சரி. வலி முதுகுக்குப் போனது. குனிந்தால்தான் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

எத்தனை நாளில் பழைய ஆளாவேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்கிறேன். பக்கத்துக் கட்டில்காரர் ஒரு மாசம் என்றார். சீதா தைப்பொங்கல் என்கிறாள். முனாப் முதலாளி, “அவசரமில்ல தியாகு, பஸ் எங்கயும் ஓடிப் போயிராது” என்கிறார். டொக்டர் மட்டும் நாள் சொல்ல மாட்டேன் என்கிறார். ரோட்டுக் கடைவரை நடந்தால் கால் பின்னுகிறது. தேங்காய்ப்பால், வடை, கொழுப்பு எல்லாம் தள்ளிவைத்தாயிற்று. சோறும் அவித்த மரக்கறியும்தான்.

ஆஸ்பத்திரி டிக்கட்டில் ‘குடிப்பதில்லை’ என்றுதான் இங்கிலீசில் எழுதியிருக்கிறது. பார்த்துவிட்டேன்.

அன்புத் தம்பி
தியாகராஜா

*

கோத்தகிரி,
30.08.1994

அன்புத் தம்பிக்கு,

உன் கையெழுத்தைக் கண்டதும் மச்சான் கடிதத்தை வாங்கி இரண்டு தடவை உரக்க வாசித்தார். மழை விடாமல் பெய்கிறது, ஆனாலும் வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறோம். நீ எழுந்து நடக்கிறாய் என்பதே போதும்.

கணையத்தைப் பார்த்துவிட்டேன். தேவகியின் புத்தகத்தில் கலர் படம் இருக்கிறது. மஞ்சள் நிறத்தில், நீளமான இலை ஒன்றை மடித்து வைத்தது போல. அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். “என்னம்மா பரீட்சை எழுதப் போறியா?” என்று கேட்கிறாள்.

உன் டொக்டரிடம் இன்னும் சிலவற்றைக் கேட்டு எழுது. வலியின்போது வயிறு உப்பிக் கெட்டியாக இருந்ததா? அந்த நேரத்தில் வைத்தியம் எதுவும் செய்யாமல் விட்டால் எத்தனை நாள் தாங்கும்? குடியால் வருகிற வலியும் கல்லால் வருகிற வலியும் ஒரே மாதிரித்தானா? எது எதனால் வந்தது என்று டொக்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்? நாம் வாயால் சொல்வதை வைத்துத்தானா? சீதா ‘இல்லை’ என்று சொன்னபோது அவர் நம்பினாரா? அவள் சொன்னது கட்டிலில் கிடந்த உன் காதில் விழுந்ததா?

இன்னொரு தடவையும் கேட்டுக்கொள்கிறேன், எந்த டொக்டர் மாறி வந்தாலும் குடிப்பதில்லை என்று சொல்லிவிடு. 20ஆம் தேதியைத் தவறவிடாதே.

உன் சுகமே என் சுகம்,
அக்கா

*

மஹய்யாவ,
11.09.1994

அக்காவுக்கு,

சுகம். உங்கள் சுகத்தையும் அறிய விருப்பம்.

நான் குடிப்பதில்லை என்று டொக்டரிடம் சொல்லச் சொல்லி ஒரு கடிதத்தில் எழுதினீர்கள், பொறுத்துக்கொண்டேன். இரண்டாவதிலும் எழுதுகிறீர்கள். உங்களுக்குச் சந்தேகம் என்றால் நேராகவே கேளுங்கள்.

அப்பா சாகும்போது எனக்கு ஆறு வயசு. அவர் முகங்கூட நினைவில்லை. ஆனால் தெல்தோட்டைத் தோட்டத்தில் நான் வளர்ந்தது ‘குடிச்சே செத்தவன் மகன்’ என்ற பெயரில். பள்ளிக்கூடத்தில் அதுதான் என் பட்டம். பெண் கேட்டுப் போன இரண்டு வீட்டில் அதைச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். கல்யாண வீட்டில் கூட்டாளிகள் கிளாசை நீட்டினால் எழுந்து வெளியே போய்விடுகிறவன் நான். அப்பாவுக்கு ஒரு வருசங்கூடப் படையல் போட்டதில்லை. முப்பத்தொன்பது வயசுவரை ஒரு சொட்டுத் தொடாதவனை, கூடப் பிறந்த அக்காவே இப்படித் துருவித் துருவிக் கேட்கிறாள்.

இனி அதைப் பற்றி எழுதவேண்டாம். உடம்பு தேறிவிட்டது. சட்டைதான் தொளதொளவென்று தொங்குகிறது. சீக்கிரம் பஸ்ஸுக்குப் போய்விடுவேன்.

தியாகராஜா

*

கோத்தகிரி,
06.10.1994

அன்புத் தம்பிக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். 20ஆம் தேதி ஒப்பரேஷன் நடந்ததா? கோயிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். தபால்காரர் ஒவ்வொரு நாளும் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போகிறார்.

நான் கேட்டது உனக்குக் குத்தியிருக்கிறது. அது சந்தேகம் இல்லை, தம்பி. வேறு. ஒரு வரி போடு, போதும்.

அக்கா

*

மஹய்யாவ,
23.10.1994

அன்புள்ள மதினிக்கு,

அங்கே எல்லோரும் நல்லபடியாக இருக்க வேண்டுகிறேன். இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாமல் எழுதுவது. அவர் எழுதாததால் நான் எழுதவேண்டியிருக்கிறது.

ஒப்பரேஷன் நடக்கவில்லை. 20ஆம் தேதி காலை வேட்டி சாரமெல்லாம் மடித்துப் பையில் வைத்து அனுப்பினேன். பையோடு போனவர் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் கலஹா ஸ்டாண்டுக்குப் போய், டொக்டர் வேலைக்குப் போகச் சொல்லிவிட்டார் என்று முனாப் முதலாளியிடம் பொய் சொல்லிப் பஸ்ஸில் ஏறிவிட்டார். பொழுது சாய வீட்டுக்கு வந்து, “எனக்கு எல்லாம் சொகமாயிருச்சு. சொகமான ஒடம்ப எதுக்கு வெட்டணும்?” என்றார். மூன்று வாரம் வேலை செய்தார். வந்து உட்கார்ந்தால் எழும்ப ஒரு மணி நேரம் ஆகும். இளைப்பா என்று கேட்டால் கோபம் வரும்.

இந்த 14ஆம் தேதி மறுபடி அதே வலி. இந்தத் தடவை கொஞ்சம் லேசு என்கிறார்கள், ஆறு நாளில் விட்டுவிட்டார்கள். திருச்செல்வம் டொக்டருக்கு வந்த கோபம்! “வலி போனா நோயும் போச்செண்டு ஆர் சொன்னது? உள்ளுக்கை காயம் ஆற மாசக்கணக்காகும். கல்லு அங்கையே கிடக்கு. அடுத்த முறை இவ்வளவு லேசா வரும் எண்டு நான் எழுதித் தரேலாது” என்றார். டிசம்பர் 6 என்று வேறு நாள் கொடுத்திருக்கிறார்கள்.

போகமாட்டேன் என்று ஒரே பிடி. நேற்றுத்தான் காரணம் வெளியே வந்தது. “எங்கப்பன் வயிறு வீங்கிச் செத்தான். நானும் அப்பிடித்தான் சாவேன், எழுதி வச்சிருக்கு. அந்தாளு குடிச்சு வாங்கினத நான் குடிக்காமயே வாங்கிட்டேன். வெட்டினா அன்னைக்கே போயிருவேன்” என்று சொல்லி அழுதார் மதினி. நான் சொன்னால் கேட்கிறாரில்லை. நீங்கள்தான் ஏதாவது சொல்லவேண்டும்.

கும்பிட்டுக் கேட்கும்
சீதா

*

கோத்தகிரி,
05.11.1994

என் தம்பிக்கு,

நாங்கள் சுகமாக இருக்கிறோம். நீ இதைக் கடைசிவரை வாசி. கோபம் வந்தாலும் கிழிக்காமல் வாசி.

நான் உன்னை ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. ‘குடிக்கிறவரா’ என்று ஒரு டொக்டர் கேட்டால் அதற்கு வருகிற பதிலில் ஒரு உயிர் போகும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் திரும்பத் திரும்ப எழுதினேன்.

1961 மே மாதம். உனக்கு அம்மை போட்டு இறங்கியிருந்த நேரம். அம்மா மலைக்குக் கொழுந்தெடுக்கப் போய்விட்டாள், உன்னைப் பார்த்துக்கொள்ள நான் லயத்து வீட்டில் இருந்தேன். எனக்குப் பதினாறு வயசு. தேயிலையைக் கவ்வாத்து வெட்டப் போன அப்பா பாதி நாளில் திரும்பி வந்தார். மேல்வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவரால் படுக்க முடியவில்லை. கொழுந்துச் சாக்கை மடித்து வயிற்றோடு அணைத்துக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்தார். முதுகில் யாரோ ஆணி அடிக்கிற மாதிரி இருக்கிறது என்றார். ஓயாத வாந்தி. நீ எழுதியதும் சீதா எழுதியதும் வரிக்கு வரி அதேதான், தம்பி. முதல் கடிதத்தை வாசித்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் ஓடிப்போய், தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவர் உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடியே என்னைக் கேட்டார், “அப்பன் குடிப்பானா?”

“குடிப்பாருங்க. தெனமும்.”

அது பொய். பதினாலு மாதமாக அப்பா ஒரு சொட்டுத் தொடவில்லை. அதற்கு முன்னால் குடித்தார். குடித்துவிட்டு அம்மாவை அடித்தார். ஆறாம் வகுப்புக்கு நான் வாங்கி வைத்திருந்த புத்தகங்களை அடுப்பில் போட்டார், என் படிப்பு அதோடு நின்றது. அவர் குடியை நிறுத்திய பிறகும் எனக்குக் கோபம் நிற்கவில்லை. பெரிய மனிதர் ஒருவர் முன்னால் அவரை ஒரு தடவை காட்டிக்கொடுக்க வேண்டும் என்று உள்ளே இருந்திருக்கிறது. கேட்டதும் வாயில் வந்துவிட்டது.

அப்பா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ‘இல்லை’ என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். தலையை நிமிர்த்தி என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு குனிந்துகொண்டார்.

“குடிகாரனுக்கு ஆஸ்பத்திரி போக லொறி கேட்டுத் தொரை முன்னுக்குப் போய் நிக்க ஏலுமா? மிக்சர் மருந்து தாறேன், குடு” என்று சொல்லிவிட்டு டிஸ்பென்சர் போய்விட்டார். மூன்றாம் நாள் அப்பா போய்விட்டார். திருட்டுத்தனமாகக் குடித்திருக்கிறார் என்று நினைத்து அம்மா அழவே இல்லை. அம்மா சாகும்வரை நான் சொல்லவில்லை. உன்னைப் பள்ளிக்கூடத்தில் பட்டம் சொல்லிக் கேலி செய்தபோதும் சொல்லவில்லை. இந்தியாவுக்குப் போகிற அன்றைக்கு ஸ்டேஷனில் உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது சொல்லலாம் என்று நினைத்தேன். ரயில் வந்துவிட்டது.

அப்பாவை ஆஸ்பத்திரி வாசலுக்குக்கூட யாரும் கொண்டுபோகவில்லை. உனக்கு ஆஸ்பத்திரியே நாள் குறித்துக் கொடுத்துக் கூப்பிடுகிறது. போ, தம்பி. என்னோடு பேசாமல் இருக்கவேண்டுமானால் இரு. உயிரோடு இருந்து பேசாமல் இரு.

ரத்தினம்மா

*

மஹய்யாவ,
15.12.1994

அன்புள்ள மதினிக்கு,

நல்ல செய்தி. 6ஆம் தேதி ஒப்பரேஷன் முடிந்து நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். எடுத்த கற்களை ஒரு சின்னப் போத்தலில் போட்டுக் கொடுத்தார்கள், ஆறு. மிளகு அளவுதான் இருக்கின்றன. இவ்வளவு சின்னதா என்று வார்டில் எல்லோரும் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். விலாவுக்குக் கீழே நீளமாக வெட்டியிருக்கிறார்கள். இருமினால் தலையணையை அழுத்திப் பிடித்துக்கொள்கிறார். மூன்று மாசத்துக்குப் பாரம் தூக்கக்கூடாது.

உங்கள் கடிதம் வந்த அன்று பின்கதவுப் படியில் உட்கார்ந்து வாசித்தார். என்னிடம் காட்டவில்லை. மூன்றாம் நாள், “ஆறாந்தேதிக்கு பைய எடுத்து வை” என்றார். அவ்வளவுதான். நீங்கள் என்ன எழுதினீர்களோ, எனக்குத் தெரியாது. புண்ணியமாகப் போகட்டும்.

உங்களுக்கு எழுதச் சொன்னேன். “எழுதுவேன், இப்ப இல்ல” என்றார்.

அன்புடன்
சீதா

*

மஹய்யாவ,
29.01.1995

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்களும் மச்சானும் தேவகியும் பொங்கலைச் சந்தோசமாகக் கொண்டாடியிருப்பீர்கள். சீதா இங்கே பால் குறைத்துப் பொங்கி எனக்கு இரண்டு கரண்டி தந்தாள். ஆறு மாசத்துக்குப் பிறகு முதல் இனிப்பு.

எழுதாமல் இருந்ததற்கு ஒப்பரேஷன் காரணமில்லை. கோபம். பொய் சொல்லமாட்டேன், உங்கள் மேல் வந்த கோபத்தில் இரண்டு தடவை எழுத உட்கார்ந்து பேப்பரைக் கசக்கிப் போட்டேன். ஆனாலும் ஒன்று. குடிகாரனின் சாவுதான் எனக்கும் என்று எத்தனை வருசமாகப் பயந்துகொண்டிருந்தேன் தெரியுமா? அது இல்லை என்றதும் அந்தப் பயம் போய்விட்டது. அந்தத் துணிச்சலில்தான் கத்திக்குப் போய்ப் படுத்தேன். கோபமும் இருந்தது, நன்றியும் இருந்தது. எதை முதலில் எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

போன வாரம் கிளினிக்கில் திருச்செல்வம் டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். யாருடைய அப்பா என்று மறைக்கவில்லை. “அது சதையிதானா டொக்டர்? எங்கக்கா உண்மையைச் சொல்லியிருந்தா அவரு பொழச்சிருப்பாரா?” என்று கேட்டேன்.

வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். ஆனாலும் அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். “நான் அந்த ஆளைப் பாக்கேல்ல. கேக்கச் சதையி மாதிரித்தான் கிடக்கு. குடலில ஓட்டை விழுந்தும் இருக்கலாம். அந்த நாளையில ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாலும் பிழைச்சிருப்பார் எண்டு என்னால சொல்லேலாது. ஆனா குடிச்சாலும் குடிக்காட்டிலும் அந்த வலிக்கு ஆளை ஏத்தி அனுப்பத்தான் வேணும். குடிக்கிறவரோ எண்டு நானும் ஒவ்வொரு நாளும் கேக்கிறன். பதில் எதுவெண்டாலும் சேலைன் ஏத்தாம விடுறேல்ல. பதினாறு வயசுப் பிள்ளை சொன்னதைப் பிடிச்சுக்கொண்டு அந்த மனுசன் வாசலோட திரும்பினது அந்த மனுசன்ர பிழை. உங்கட அக்காவுக்கு இதை எழுதுங்கோ.”

எழுதிவிட்டேன், அக்கா. டொக்டர் சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் சொன்ன பொய் பொய்தான். முப்பத்து மூன்று வருசம் அதை நீங்கள் தனியாக வைத்துக்கொண்டிருந்ததும் எனக்கு வலிக்கிறது.

உடம்பைப் பற்றிக் கேட்பீர்கள். தையல் போட்ட இடம் மரத்துப் போயிருக்கிறது. பதினொரு கிலோ இறங்கியிருந்தேன், நாலு கிலோ ஏறியிருக்கிறது. சீனி இருக்கிறதா என்று மாசா மாசம் இரத்தம் பார்க்கிறார்கள், இதுவரை இல்லை. பெப்ரவரியிலிருந்து கலஹா ஸ்டாண்டில் பஸ்களுக்கு நேரம் குறிக்கிற வேலை, உட்கார்ந்தே செய்யலாம். முனாப் முதலாளி ஏற்பாடு செய்தார். மிதிபலகையில் தொங்க இன்னும் மூன்று மாசம் போகும். எத்தனை நாளில் சுகமாகும் என்று இப்போது யாரையும் கேட்பதில்லை. நேற்று மேட்டுக் கோயில்வரை நிற்காமல் ஏறினேன். போன மாசம் இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன்.

தை அமாவாசை வருகிறது. முதல் தடவையாக அப்பாவுக்கு இலை போடப்போகிறேன். அவருக்கு என்ன பிடிக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது. குடிக்காமல் இருந்த அந்தப் பதினாலு மாசம் அவர் எப்படி இருந்தார்? எதனால் நிறுத்தினார்? என்னை எப்போதாவது தூக்கியிருக்கிறாரா?

உங்கள் தம்பி
தியாகராஜா

*

கோத்தகிரி,
14.02.1995

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் அமாவாசை கழிந்துதான் வந்தது. இலையில் என்ன வைத்தாயோ, அவர் எதையும் ஒதுக்குகிறவர் இல்லை. இங்கே எல்லோரும் சுகம். கடிதத்தை வாசித்தபிறகு இரண்டு நாள் நான் வேலைக்குப் போகவில்லை. மச்சானிடமும் தேவகியிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டொக்டர் சொன்ன இடத்தைத் தேவகி எனக்கு வாசித்துக் காட்டினாள். மறுபடி வாசிக்கச் சொன்னேன். அவருக்கு என் நமஸ்காரத்தைச் சொல்.

கேட்டவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

அப்பாவுக்குப் பிடித்தது மாசிச் சம்பலும் ரொட்டியும். ரொட்டி கொஞ்சம் கருகியிருக்கவேண்டும்.

அந்தப் பதினாலு மாதமும் அவர் வேலை விட்டதும் நேரே வீட்டுக்கு வருவார். லயத்துக்குப் பின்னால் போஞ்சிக் கொடி போட்டார். கருவாடு சுற்றி வருகிற பேப்பரை நீவி விரித்து, “இதுல என்ன போட்டிருக்கு, வாசி” என்று என்னிடம் நீட்டுவார். அவருக்கு எழுத்துத் தெரியாது. நான் கோபத்தில் கடகடவென்று வாசித்துவிட்டுப் போய்விடுவேன். அவர் பின்னாலேயே வந்து, “கப்பல்னு வாசிச்சியே, அது எவ்வளவு பெருசு? அது ஏன் முங்கல?” என்று கேட்பார். நான் பதில் சொல்லமாட்டேன். தெரியாது என்றுகூடச் சொல்லவில்லை. என் புத்தகங்களை எரித்ததற்கு அவர் என்னிடம் ஒருநாளும் வாய்விட்டு வருத்தம் சொன்னதில்லை. அந்தப் பேப்பர்தான் அவர் வருத்தம் சொன்ன விதம் என்று எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தோன்றியது.

எதனால் நிறுத்தினார் என்று கேட்டாய். உன் இடது புருவத்துக்கு மேல் ஒரு தழும்பு இருக்கும். தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் வழுக்கி விழுந்தாய் என்று அம்மா சொல்லியிருப்பாள். நீ விழவில்லை. உனக்கு ஐந்து வயசு நடந்துகொண்டிருந்தது. அப்பா குடித்துவிட்டு உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு கடைப்பக்கமிருந்து வந்தார். லயத்துச் சாக்கடைக் கானைத் தாண்டும்போது கால் இடறி உன்னைக் கீழே போட்டுவிட்டார். முகமெல்லாம் இரத்தம். அவர் உன்னை மடியில் போட்டுக்கொண்டு கானிலேயே உட்கார்ந்திருந்தார். எத்தனை பேர் வந்து கேட்டும் உன்னைக் கொடுக்கவில்லை. அன்றைக்கு விட்டதுதான்.

மறுநாள் நீ அவரிடம் போகமாட்டேன் என்று கத்தினாய். ஒரு மாதம் பக்கத்திலேயே போகவில்லை. பிறகு நீயாகவே போய் அவர் காலைப் பிடித்தாய். அதற்குப் பிறகு ஒவ்வொரு பொழுது சாயவும் உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு பீலியடிக்கும் கோயிலடிக்கும் நடப்பார். நீ அவர் இரண்டு காதையும் பிடித்துக்கொண்டு, “போ, போ” என்பாய். எங்கள் வீட்டைத் தாண்டும்போது நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்வேன்.

தூக்கியிருக்கிறாரா என்று கேட்டாயே. அந்த ஒரு நாளைத் தவிர, தம்பி, அவர் உன்னைக் கீழே விட்டதே இல்லை.

உன் அக்கா
ரத்தினம்மா